கடுகை விடச் சிறிய கண்டென்சர்

ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், சென்ற மாதம் எங்கள் பார்சல் ஆபீசுக்கு முகம் வாடி வந்தார். கையில் அவருடைய செல்போன். முதல் நாள் இரவு ரோந்து போனபோது ஜல்லி மேல் விழுந்ததாம். அன்றிரவு பூராவும் வேலை செய்தது. விடிந்ததும் உயிர் இல்லை.

தவணையில் வாங்கிய போன். இன்னும் ஏழு தவணை பாக்கி. அதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. சென்ற வருஷம் காலமான அவர் தாயாரின் கடைசிப் படங்களும், பேசி அனுப்பிய நாலைந்து பேச்சுகளும் அந்தப் போனுக்குள்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை.

ஒரு சர்வீஸ் கடையில் காட்டியிருக்கிறார். "போர்டையே மாற்ற வேண்டும். 6,800 ரூபாய் ஆகும். உள்ளே இருப்பது எதுவும் திரும்ப வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ட்யூட்டி முடிந்ததும் அவரை எஸ்.பி. ரோட்டுக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு மாடிப்படியின் அடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பி ஒருவரை எனக்குத் தெரியும். வாணியம்பாடிக்காரர். வயது இருபத்திரண்டு இருக்கலாம்.

புகை போட்டுப் பிடித்த திருடன்

தம்பி போனைப் பிரித்து மீட்டரை வைத்தார். மீட்டர் நிற்காமல் கூவியது. "ஃபுல் ஷார்ட்டுண்ணே" என்றார்.

பிறகு அவர் செய்ததை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சால்டரிங் அயனை ராஸின் கட்டியில் வைத்து, அந்தப் புகையைப் போர்டின் மேல் பிடித்தார். போர்டு முழுவதும் வெள்ளை வெளேரென்று மாவு பூத்தது போல ஆயிற்று. அடுத்து, வெளியிலிருந்து கொஞ்சமாகக் கரண்டு கொடுத்தார். ஓரிடத்தில் மட்டும் வெள்ளை உருகிக் கறுப்பாகத் தெரிந்தது. "இங்கதான் சூடாவுது. திருடன் இவன்தான்" என்று சொல்லிச் சூட்டுக் காற்றை ஊதி, இடுக்கியால் எதையோ எடுத்து என் கட்டை விரல் நகத்தில் வைத்தார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்த பிறகே தெரிந்தது. கடுகில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. மண் நிறம். இரண்டு முனையிலும் வெள்ளிப் பூச்சு.

"இதான்ணே கண்டென்சர். கீழ விழுந்தப்ப போர்டு வளைஞ்சிருக்கும். இது பீங்கான் சாமான், வளையத் தெரியாது, விரிசல் விட்டிருச்சு."

கண்டென்சர் என்றால் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது மின்விசிறிதான். காத்தாடி மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் வந்து, விரல் நீளத்தில் ஒரு டப்பியை மாற்றிவிட்டுப் போவார். அதன் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் தாள். செல்போனில் இருப்பதோ பீங்கான். ஒரு நல்ல செல்போனில் இப்படிப்பட்ட துகள்கள் ஆயிரம்கூட இருக்குமாம். நாம் சட்டைப் பையில் ஆயிரம் பீங்கான் சாமான்களை வைத்துக்கொண்டு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போகிறோம் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

பத்தாவது வரை படித்தவன் நான். ஆனாலும் அந்த மண் நிறத் துகள் விடவில்லை. நூலகத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும், விஷயம் தெரிந்த ஒரு நண்பரின் பொறுமையும் செலவானதில் கிடைத்ததை வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

காக்காப்பொன் காலம்

கண்டென்சர் என்பது மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும் தொட்டி. இரண்டு உலோகத் தகடுகள். நடுவே மின்சாரம் பாயாத ஒரு பொருள். தகடு அகலமாக இருந்தால் அதிகம் பிடிக்கும். இடைவெளி மெல்லியதாக இருந்தாலும் அதிகம் பிடிக்கும். மூன்றாவதாக, நடுவே வைக்கும் பொருளின் குணம். வெறும் வெளியை 1 என்று வைத்துக்கொண்டால், மற்றப் பொருள்கள் எத்தனை மடங்கு பிடிக்கும் என்பதற்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அதை மின்கடவா எண் என்று சொல்லலாம். இந்த எண்ணைப் பெரிதாக்கத்தான் நூறு வருஷமாக அடிபிடி.

அந்தக் காலத்து ரேடியோக்களில் நடுவே வைத்தது அப்பிரகம். நம் ஊர்ப் பக்கம் காக்காப்பொன் என்போமே, அதுதான். அதன் எண் 6 அல்லது 7. ஏடு ஏடாக உரித்தால் கண்ணாடி போல் வரும், சூடு தாங்கும். சென்னையிலிருந்து விஜயவாடா போகும் வண்டியில் கூடூர் தாண்டியிருப்பீர்கள். அந்த வட்டாரத்தில் காக்காப்பொன் சுரங்கங்கள் இருந்தன. அதைவிடப் பெரிய வட்டாரம், கயாவுக்கும் தன்பாத்துக்கும் நடுவே உள்ள கோடர்மா. அன்றைய பீகார், 2000-க்குப் பிறகு ஜார்க்கண்ட். உலகத்துக்குத் தேவையான தகட்டு அப்பிரகத்தில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ராணுவ ரேடியோவுக்கும் ராடாருக்கும் கண்டென்சர் மலை மலையாகத் தேவை. காக்காப்பொன்னோ இந்தியாவில். கடலில் நீர்மூழ்கிகள். "இந்தியச் சரக்கை நம்பி யுத்தம் நடத்த முடியாது, மாற்றுக் கண்டுபிடி" என்று விஞ்ஞானிகளை விரட்டினார்கள்.

டைட்டானியம் ஆக்சைடு என்னும் வெள்ளைப் பொடியின் எண் 100 வரை போகும் என்பது முன்பே தெரியும். நம் வீட்டுச் சுவர் பெயின்டில் இருக்கும் அதே வெள்ளைதான். அதோடு பேரியம் சேர்த்துச் சுட்டுப் பார்த்தார்கள். எண் 1,000-ஐத் தாண்டிவிட்டது! அமெரிக்கா, ரஷியா, ஜப்பான் என்று மூன்று நாடுகளிலும் ஏறக்குறைய அதே யுத்த வருஷங்களில் ஒருவருக்கொருவர் தெரியாமலே இதைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றையொன்று குண்டு போட்டுக்கொண்டிருந்த நாடுகள் தங்கள் தங்கள் உலையில் ஒரே பீங்கானைச் சுட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. அதன் பெயர் பேரியம் டைட்டனேட்.

கோடர்மா பக்கம் பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. காட்டுச் சட்டம், ரஷியச் சந்தையின் வீழ்ச்சி என்று காரணங்கள் பல. இந்தப் பீங்கானும் அவற்றில் ஒன்று. இப்போது அங்கே ஏழைக் குடும்பங்கள், குழந்தைகள் உட்பட, பழைய குழிகளில் தூளும் துண்டும் பொறுக்குகிறார்கள். அது போய்ச் சேருவது பெயின்டிலும் முகப் பூச்சிலும்.

பெரிய பெர்த்தில் சின்னப் பிள்ளை

இந்தப் பீங்கானுக்கு ஏன் இத்தனை சக்தி?

1839-ல் ரஷியாவின் யூரல் மலையில் கிடைத்த ஒரு கல்லை ஜெர்மானியரான குஸ்தாவ் ரோஸ் ஆராய்ந்தார். பெரோவ்ஸ்கி என்ற ரஷியப் பிரபுவின் பெயரால் அதற்குப் பெரோவ்ஸ்கைட் என்று பெயரிட்டார். அந்தக் கல்லுக்குள் அணுக்கள் அடுக்கப்பட்ட முறை எதுவோ அதே முறையில்தான் பேரியம் டைட்டனேட்டும் கட்டப்பட்டிருக்கிறது. 1945-ல் இதைப் படம் பிடித்தாற்போல் விளக்கியவர் ஹெலன் மெகா என்ற பெண்மணி. அயர்லாந்தில் பிறந்தவர், அப்போது இங்கிலாந்தில் ஒரு விளக்குக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சதுர அறையை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மூலையிலும் பேரியம். நாலு சுவர், தரை, கூரை, ஆறின் நடுவிலும் பிராண வாயு. அறைக்கு நட்டநடுவில் டைட்டானியம். இப்படிப்பட்ட அறைகள் கோடிக் கோடியாக அடுக்கியதுதான் அந்தப் பீங்கான்.

பேரியம் பருமனான அணு. அதனால் அறை கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது. டைட்டானியமோ சின்னது. பெரிய பெர்த்தில் சின்னப் பிள்ளையைப் படுக்க வைத்தால் நடுவில் கிடக்குமா? ஒரு பக்கமாக உருண்டு போய்விடும். டைட்டானியமும் அப்படித்தான் நடுவிடத்தை விட்டு நகர்ந்து நிற்கிறது. எவ்வளவு நகர்கிறது? ஒரு மில்லிமீட்டரைப் பத்துக் கோடி கூறு போட்டால் அதில் ஏறக்குறைய ஒரு கூறு.

அந்த ஒரு கூறுதான் எல்லாம். டைட்டானியத்திடம் மின்னேற்றம் இருப்பதால், அது நகர்ந்த பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல் என்று அறை இரு முனைப்படுகிறது. வெளியிலிருந்து மின் அழுத்தம் கொடுத்தால் அறைகள் அந்தத் திசைக்குச் சாய்கின்றன. சாய்வதில்தான் மின்சாரம் தேங்குகிறது.

பீங்கானைச் சுட வைத்தால் இன்னொரு வேடிக்கை. 120 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போனால் டைட்டானியம் நல்ல பிள்ளையாக நடுவிடத்துக்கு வந்துவிடுகிறது. சரியாக அந்த 120-க்குப் பக்கத்தில் அது மதில் மேல் பூனை. இங்கேயா அங்கேயா என்று நிற்கும் அந்த நேரத்தில், லேசாகத் தட்டினாலும் சாயும். எனவே மின்கடவா எண் அங்கேதான் உச்சிக்குப் போகிறது.

ஆனால் 120 டிகிரியில் யார் ரேடியோ கேட்கிறார்கள்? நமக்கு வேண்டியது பெங்களூர் டிசம்பருக்கும் வேலூர் மே மாதத்துக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும் சாமான்.

கலப்புச் சமையல்

இந்த இடத்தில் லெனின்கிராடு விஞ்ஞானி ஸ்மோலென்ஸ்கி வருகிறார். 1950-களில் அவரும் அவருடைய கூட்டத்தாரும், நடு இடத்தில் ஒரே வகை அணுவை வைக்காமல் இரண்டு வகையைக் கலந்து வைத்தார்கள். மூலைகளில் ஈயம். நடுவிடங்களில் மூன்றுக்கு ஒன்று மக்னீசியம், மற்ற இரண்டில் நியோபியம். இப்படிக் கலந்து கட்டியவற்றைத்தான் கலப்புப் பெரோவ்ஸ்கைட் என்கிறார்கள்.

கலந்ததால் என்ன ஆயிற்று? ஒவ்வோர் அறைக்கும் அக்கம்பக்கம் வேறு வேறாகிவிட்டது. எல்லா அறைகளும் ஒரே வெப்பத்தில் மாறுவதில்லை. ரிசர்வ் செய்யாத பெட்டியில் எல்லாரும் ஒரே ஸ்டேஷனிலா விழிக்கிறார்கள்? ஒருவர் காட்பாடியில், ஒருவர் ஆம்பூரில். அது போலச் சில அறைகள் இந்த டிகிரியில், சில அந்த டிகிரியில். ஊசி போல் இருந்த உச்சி, அகன்று தட்டையான மேடாகிவிட்டது. எண்ணோ பத்தாயிரத்தைத் தாண்டியது.

செய்வதுதான் கஷ்டம். எல்லாப் பொடியையும் ஒன்றாகப் போட்டுச் சுட்டால், ஈயமும் நியோபியமும் முந்திக்கொண்டு கூட்டுச் சேர்ந்து, பைரோகுளோர் என்ற உதவாத பொருளாகிவிடும். அது கொஞ்சம் கலந்தாலும் எண் விழுந்துவிடும். 1982-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்வார்ட்ஸ், ஷ்ரௌட் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். மக்னீசியத்தையும் நியோபியத்தையும் முதலில் தனியாகச் சுட்டுச் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகே ஈயத்தைச் சேர்ப்பது. சாமான் அதே. போடுகிற வரிசைதான் வேறு. இதை என் மனைவியிடம் சொன்னபோது, "வெங்காயம் வதங்குமுன் தக்காளியைப் போடாதே என்று இருபது பேர் சொல்லியும் நீங்கள் கேட்டதில்லை" என்றாள்.

ஈயம் என்றதும் பயப்பட வேண்டியதும் உண்டு. உலைச் சூட்டில் அது ஆவியாகும். மூடி வைத்துச் சுடாவிட்டால் பண்டத்துக்கும் கேடு, பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்கும் கேடு. 2006-ல் ஐரோப்பிய நாடுகள் மின்னணுச் சாமான்களில் ஈயத்துக்குத் தடை போட்டன. ஆனால் சில பீங்கான் பாகங்களுக்கு ஈடான மாற்று இல்லாததால் விலக்கும் கொடுத்தன. ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் கருவியின் முனையில் நெடுங்காலமாக இருந்து வருவது ஈயம் கலந்த பெரோவ்ஸ்கைட் பீங்கான்தான். செல்போன் கண்டென்சரில் இருப்பதோ பெரும்பாலும் ஈயமில்லாத பழைய பேரியம் டைட்டனேட், சிற்சில கலப்புகளோடு.

சென்னைக்காரர் கண்ட பெரிய எண்

இந்தக் கதையில் நம்மவர் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குப் படிக்கும்போதுதான் தெரிந்தது. எம்.ஏ. சுப்பிரமணியன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் 1982-ல் டாக்டர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, 2000-ஆம் ஆண்டில் அவரும் சகாக்களும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். கால்சியம், செம்பு, டைட்டானியம் மூன்றும் கலந்த பெரோவ்ஸ்கைட் குடும்பத்துப் பீங்கான் ஒன்றின் எண் ஏறக்குறைய பத்தாயிரம். பனிக்கட்டியை விட வெகு கீழான குளிரிலிருந்து கொதிநீர்ச் சூடு வரை அந்த எண் பெரிதாக மாறவில்லை. ஈயமும் இல்லை.

உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. டைட்டானியம் இதில் ஒரு பக்கமாக நகர்வதே இல்லை. அப்படியானால் இத்தனை மின்சாரம் எங்கே தேங்குகிறது?

2002-ல் இங்கிலாந்தின் ஷெபீல்டிலிருந்து சின்க்ளேர், வெஸ்ட் முதலியோர் ஒரு விடை கொடுத்தார்கள். பீங்கான் என்பது ஒரே கட்டி அல்ல. நுண்ணிய மணிகள் ஒட்டி உருவானது. இந்தப் பொருளில் மணியின் உள்ளே மின்சாரம் ஓரளவு ஓடுகிறது. மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள மெல்லிய எல்லையில் தடுக்கப்படுகிறது. அந்த எல்லைகள் ஒவ்வொன்றும் மெல்லிய கண்டென்சர். அதனால்தான் அளந்தால் பெரிய எண் வருகிறது. பத்தாயிரம் என்பது அந்தப் பொருளுக்கே உரிய குணமல்ல, அது சுட்டெடுக்கப்பட்ட விதத்தின் குணம் என்றார்கள். இப்போது பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இதுவே. மின்சாரம் கொஞ்சம் கசிந்து வீணாகும் குறையும் இருப்பதால், பேரியம் டைட்டனேட்டை அது இன்னும் இடம் பெயர்க்கவில்லை.

அதனால் கண்டுபிடிப்பு சிறியதாகிவிடவில்லை என்றே எனக்குப் படுகிறது. அளந்த எண் உண்மை. காரணம்தான் வேறு இடத்தில் இருந்தது. நூற்றுக்கணக்கானோர் அந்தப் பீங்கானை மறுபடி சுட்டுப் பார்த்தார்கள், மணிகளின் எல்லையைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டார்கள். சுப்பிரமணியன் பிற்பாடு ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2009-ல் அங்கே வேறு எதற்கோ பொடிகளைச் சுட்டபோது உலையிலிருந்து அருமையான நீல நிறம் வந்தது. இன்று அது பெயின்டாக விற்பனையாகிறது.

நம் பெங்களூருக்கும் இதில் பங்கு உண்டு. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1976-ல் திடப்பொருள் ரசாயனத்துக்கென்று தனிப் பிரிவு அமைத்த சி.என்.ஆர். ராவ் அவர்கள், பெரோவ்ஸ்கைட் ஆக்சைடுகளைப் பற்றி ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். பாரத ரத்னா பெற்றவர். யஷ்வந்தபுரம் போகும் பஸ்ஸில் அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே நம்மில் பலர் தினமும் போகிறோம்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. டைட்டானியம் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கரிய மணலில் இருக்கிறது. கேரளத்துச் சவறாவிலும் இருக்கிறது. ஆராய்ச்சி செய்யும் தலைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் எஸ்.பி. ரோட்டில் ரீல் ரீலாக விற்கும் அந்தத் துகள்களில் பெரும்பாலானவை ஜப்பான், கொரியா, தைவான், சீனா இவற்றிலிருந்து வருபவை. ஒரு துகளுக்குள் நூற்றுக்கணக்கான அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கும் தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்கு. அடுக்குக்கு அடுக்கு நடுவே நிக்கல். எல்லாவற்றையும் ஒன்றாகச் சுட்டு, விரிசல் விடாமல் எடுக்க வேண்டும். மணல் வைத்திருப்பது வேறு, இதைச் செய்வது வேறு போலும்.

மறுபடி மாடிப்படி அடியில்

தம்பி செத்துப்போன பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே அளவுக் கண்டென்சர் ஒன்றைச் சூட்டுக் காற்றால் எடுத்து, எங்கள் போர்டில் வைத்து ஒட்டினார்.

"பழசைப் போடுகிறீர்களே தம்பி, தாங்குமா?" என்று கேட்டேன்.

"சூடு பட்டா இது புதுசு மாதிரிண்ணே. எங்க மாஸ்டர் சொல்லுவார்."

அப்போது எனக்கு அது கதையாகப் பட்டது. பிறகு படித்தபோது கண்டேன், மாஸ்டர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இந்தப் பீங்கானுக்கு வயதாகும். சாய்ந்த அறைகள் நாளாக ஆக அங்கங்கே இறுகிப்போய், பிடிக்கும் சக்தி சிறுகச் சிறுகக் குறையும். 120 டிகிரிக்கு மேல் சுட வைத்தால் டைட்டானியம் நடுவிடத்துக்கு வந்துவிடும். ஆறியதும் புதிதாகச் சாய ஆரம்பிக்கும். வயதுக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சூட்டுக் காற்றுக் குழாயில் 350 டிகிரி. விரிசல் விட்டதைத்தான் அதனாலும் ஒட்ட வைக்க முடியாது.

பாட்டரியை மாட்டினார். திரையில் வெளிச்சம் வந்தது. நண்பர் போனை வாங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு காதில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

தம்பி 450 ரூபாய் கேட்டார். நண்பர் 500-ஐக் கொடுத்துவிட்டுச் சில்லறை வேண்டாம் என்றார். தம்பி ஐம்பது ரூபாயை எண்ணி அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "எல்லாத்தையும் வேற ஒரு மெமரி கார்டுல ஏத்தி வச்சுக்கங்கண்ணே, இன்னைக்கே" என்று சொல்லி அடுத்த போனைப் பிரிக்க ஆரம்பித்தார்.

பழைய துகளை ஒரு மருந்துத் தாளில் மடித்து வாங்கி வந்தேன். வீட்டில் பிரித்தபோது காணவில்லை. எங்கே விழுந்ததோ.